உங்களுக்குத் தெரியுமா? துரைகள் போனார்கள், சிலைகள் நின்றன!

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய அன்றே கணக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தப் பக்கம் உங்களுக்காகவே! சிலை, மண்டை ஓடு, பல், பீரங்கி, தபால் பெட்டி... உலகம் முழுக்கத் துழாவி அள்ளி வந்திருக்கிறேன். பிடியுங்கள்!

பிரிட்டன் 1833-ல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் போட்டது. நஷ்டஈடு 2 கோடி பவுண்டு! யாருக்கு? அடிமைகளுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அன்றைய அரசின் ஒரு வருட பட்ஜெட்டில் 40 சதவீதம்! விடுதலை பெற்றவர்கள் கையில் ஒரு பென்னி விழவில்லை!

அதற்காக வாங்கிய கடன் எப்போது அடைந்தது? 2015-ல்! ஆமாம், ஸ்மார்ட்போன் வந்த பிறகு! ஜமைக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் லண்டனில் வேலை பார்த்துக் கட்டிய வரியும் அதில் சேர்ந்தது. 2018-ல் பிரிட்டிஷ் நிதித்துறை இதைப் பெருமையாக ட்விட்டரில் போட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு அழித்தது!

ஹைட்டி கதையைக் கேட்டால் தலை சுற்றும். அடிமைகளே போரிட்டு ஜெயித்து 1804-ல் தனி நாடு கண்டார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து நின்றது. சொத்து போய்விட்டதாம், 15 கோடி பிராங்க் எடுத்து வைக்க வேண்டுமாம்! அந்தச் சொத்துக் கணக்கில் மனிதர்களும் உண்டு!

பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். பெரிய மனசு! அதற்காக ஹைட்டி வாங்கிய கடன்கள் தீர்ந்த வருடம் 1947! சரியாக 200 வருடம் கழித்து, 2025 ஏப்ரல் 17-ம் தேதி, விஷயத்தை ஆராய இரு நாட்டு வரலாற்றாளர் குழு அமைப்பதாக பிரான்ஸ் அதிபர் மக்ரோன் அறிவித்தார். அவசரமே இல்லை!

பிரிஸ்டல் நகரத்துக்கு வாருங்கள். எட்வர்ட் கோல்ஸ்டன் அடிமை வியாபாரக் கம்பெனியின் பெரும்புள்ளி. ஊருக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல் என்று 1895-ல் வெண்கலச் சிலை வைத்தார்கள். அதுவும் அவர் செத்து 174 வருடம் கழித்து! 2020 ஜூன் 7-ம் தேதி ஒரு கூட்டம் கயிறு கட்டி இழுத்தது. தெருவில் உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளிவிட்டது!

நாலே நாளில் மாநகராட்சி சிலையை வெளியே எடுத்தது. சுத்தம் செய்தால் என்னென்ன கிடைத்தது தெரியுமா? ஒரு சைக்கிள் டயர்! கூடவே 1895-ம் வருடத்து ‘டிட்-பிட்ஸ்’ வார இதழ்! சிலையைப் பொருத்திய தொழிலாளர்கள் தங்கள் பெயர்களை அதில் எழுதிச் சுருட்டி உள்ளே செருகியிருந்தார்கள். 125 வருடம் யாருக்கும் தெரியாது! துணுக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? டிட்-பிட்ஸ் ஒரு துணுக்குப் பத்திரிகை!

இப்போது கோல்ஸ்டன் மியூசியத்தில். நிற்கவில்லை, படுத்திருக்கிறார்! உடம்பில் வீசிய பெயிண்ட்டைக்கூட யாரும் துடைக்கவில்லை. வழக்கில் சிக்கிய நாலு பேரையும் 2022 ஜனவரியில் ஜூரி விடுதலை செய்தது!

இந்த விஷயத்தில் நம்ம சென்னை பிரிஸ்டலுக்கு 93 வருடம் சீனியர்! மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை நின்றது. 1857-ல் வடக்கே விசாரணை இல்லாமல் ஊர் ஊராகத் தூக்கிலிட்ட அதிகாரி அவர். 1927-ல் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகக் கிளம்பினார்கள். அடித்தார்கள், கைதானார்கள். அடுத்த அணி வந்தது!

கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்னஞ்சிறு மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் போராட்டத்தில் இறங்கினார். அந்தச் சிறுமிக்கு காந்தி வைத்த பெயர் லீலாவதி! சிலைதான் நகரவில்லை. 10 வருடம் கழித்து ராஜாஜி மந்திரிசபை வந்தது. 1937-ல் நீல் துரை எழும்பூர் மியூசியத்துக்குப் பார்சல்!

அதே சென்னைத் தீவுத்திடலில் சர் தாமஸ் மன்றோ 1839-லிருந்து குதிரை மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது! ஆட்சிகள் எத்தனையோ மாறின, அவரை யாரும் இறக்கவில்லை. ராயலசீமாவில் அவர் பெயரைக் குழந்தைகளுக்கே வைத்தார்கள் என்றால் பாருங்கள்!

டெல்லி இந்தியா கேட் பக்கத்துக் கல்மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜ் நின்றார். 1968-ல் அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள். அப்புறம்? அந்த இடம் 54 வருடம் காலி! யாரை வைப்பது என்று முடிவெடுக்க அத்தனை காலம்! 2022 செப்டம்பரில் 28 அடி உயர நேதாஜி வந்து நின்றார்!

ஜார்ஜ் எங்கே போனார்? டெல்லியின் வட கோடியில் கொரனேஷன் பார்க். அவருக்காக 1911-ல் தர்பார் நடந்த அதே மைதானம்! அன்று சுற்றி நின்றது ராஜாக்கள் கூட்டம். இன்று சுற்றி நிற்பது வேலை போன வைஸ்ராய் சிலைகள்!

நேதாஜியே சிலை எதிர்ப்பாளர்தான்! கல்கத்தாவின் ‘இருட்டறை’ நினைவுத்தூணை அகற்றச் சொல்லி 1940 ஜூலை 3-ல் ஊர்வலம் அறிவித்தார். ஒரு நாள் முன்னதாகவே கைது! ஆனாலும் அந்த வருடமே தூண் ஒரு சர்ச் தோட்டத்துக்குள் ஒதுங்கியது!

இடிக்காமல், நகர்த்தாமல் ஜெயித்த கில்லாடி வேலை ஒன்று சொல்லவா? 1857-ல் செத்த தங்கள் சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரர்கள் டெல்லியில் ஒரு கோபுரம் கட்டினார்கள். அதில் இந்தியர்கள்தான் எதிரி! 1972-ல் இந்திய அரசு பக்கத்தில் ஒரு பலகை வைத்தது. இங்கே எதிரி என்று எழுதியிருப்பவர்கள் எங்கள் தியாகிகள் என்று! பெயரும் அஜித்கட் ஆனது. செலவு ஒரே ஒரு பலகை! என்னைக் கேட்டால் உலகத்திலேயே முதல் பரிசு இதற்குத்தான்.

சரி, ஆளப்பட்டவர்கள் ஆண்டவர்களின் ஊருக்கே போய் ஒரு வெள்ளைக்காரருக்குச் சிலை வைத்ததுண்டா? உண்டு! முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்குக்குத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேம்பர்லியில் சிலை வைத்தது! லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபம் தனி. தேனிப் பக்கம் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கலே வைக்கிறார்கள்!

ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் 10 மீட்டர் உயரச் செங்கல் யானை நிற்கிறது. 1932-ல் காலனி ஆட்சியின் புகழ் பாடக் கட்டியது. 1990-ல் ஜெர்மனியின் முன்னாள் காலனி நமீபியா சுதந்திரம் பெற்றது. அதே யானையைக் காலனி எதிர்ப்புச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள்! யானை அதே யானை, கட்சிதான் மாறிவிட்டது!

பெர்லின்காரர்கள் இன்னும் கெட்டி. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சூறையாடிய கார்ல் பீட்டர்ஸ் பெயரில் அங்கே பீட்டர்ஸ் சாலை. எதிர்ப்பு கிளம்பியது. 1986-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹான்ஸ் பீட்டர்ஸ் என்று வேறொரு நல்ல மனிதரைத் தேடிப் பிடித்தார்கள். இனி இந்தச் சாலை இவர் பெயரில் என்று அறிவித்தார்கள்! பலகை அப்படியே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை!

அந்த வித்தை 38 வருடம் தாங்கியது! 2024-ல் சாலையையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நமீபியப் போராளி அன்னா முங்குண்டா பெயர். மறு பாதிக்கு ஜெர்மனியை எதிர்த்து நடந்த மாஜி மாஜி எழுச்சியின் பெயர்!

மியூனிக் செய்தது அதைவிடக் காரம். நமீபியாவின் ஹெரேரோ இனத்தை அழிக்க உத்தரவிட்ட தளபதி ஃபான் ட்ரோத்தா பெயரில் ஒரு தெரு. 2006-ல் அதற்கு வைத்த புதுப் பெயர் ஹெரேரோ தெரு! கொன்றவர் பெயர் போய், கொல்லப்பட்டவர்கள் பெயர் வந்துவிட்டது!

அடுத்த வருடமே ட்ரோத்தா குடும்பத்தார் விமானம் ஏறி நமீபியாவுக்குப் போனார்கள். ஹெரேரோ தலைவர்கள் முன் மன்னிப்புக் கேட்டார்கள்! ஜெர்மன் அரசு அந்தக் கொலைகளை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது எப்போது? 2021 மே மாதம்! 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. ஒரே தவணையில் அல்ல, 30 வருடத்தில்!

நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் ஜெர்மன் குதிரைவீரன் சிலை ஒன்று. 1912-ல் கெய்சரின் பிறந்த நாளன்று திறந்தது. 2013-ல் அதை இறக்கிய நாள் எது? கிறிஸ்துமஸ்! ஊரே விருந்தில் இருந்தபோது வேலையை முடித்துவிட்டார்கள். பக்கத்திலேயே சுதந்திர மியூசியம். கட்டியது யார்? வடகொரியக் கம்பெனி!

முதல் உலகப்போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் தெரியும். அதில் ஒரு மண்டை ஓட்டுக்கும் இடம் இருப்பது தெரியுமா? 246-வது பிரிவு! கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியர்களை எதிர்த்த ஹெஹே இன மன்னர் ம்க்வாவாவின் மண்டை ஓட்டை 6 மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்கிறது! கண்டங்கள் கைமாறிய ஒப்பந்தத்தில் ஒரே ஒரு மனிதனின் தலை!

6 மாதம் எவ்வளவு நீண்டது? 35 வருடம்! பிரேமன் மியூசியத்தில் குவிந்து கிடந்த மண்டை ஓடுகளில் தேடி எடுத்து, 1954-ல் பிரிட்டிஷ் கவர்னர் ட்வைனிங் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்ட பேரன் ஆடம் சாபி, பின்னாளில் தான்சானியா நாடாளுமன்ற சபாநாயகர்!

இலங்கையிலும் ஒரு தலை கப்பல் ஏறியது. 1818 கிளர்ச்சியின் நாயகர் கெப்பெட்டிபொல. தலையை வெட்டினார்கள். மண்டை ஓட்டை எடின்பரோவுக்கு அனுப்பினார்கள், ஆராய்ச்சிக்காம்! சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது கண்டி மண்ணில் அடங்கியது. துரோகி என்று வெள்ளைக்காரன் அறிவித்திருந்தானே, அந்தப் பட்டம் ரத்தாகி அவர் தேசிய வீரரானது சிறிசேன அதிபராக இருந்தபோது. கிட்டத்தட்ட 200 வருடம்!

அல்ஜீரியாவின் 24 தலைகள் பாரிஸ் மியூசிய அலமாரியில் இருந்தன! 19-ம் நூற்றாண்டில் பிரான்ஸை எதிர்த்தவர்களுடையவை என்று சொல்லப்பட்ட மண்டை ஓடுகள். 2020 ஜூலையில் தேசியக்கொடி போர்த்திய பெட்டிகளில் திரும்பின. போர் விமானங்கள் துணைக்குப் பறந்தன! அடக்கம் செய்த நாள் ஜூலை 5. அல்ஜீரியாவின் சுதந்திர தினம்!

தலையாவது பரவாயில்லை. ஒரு நாடு தன் முதல் பிரதமரின் ஒரே ஒரு பல்லை அடக்கம் செய்தது! காங்கோவின் பத்ரீஸ் லுமும்பா 1961-ல் கொல்லப்பட்டார். உடலை அமிலத்தில் கரைத்தார்கள். கரைத்த பெல்ஜிய போலீஸ்காரர் ஒரு பல்லை வீட்டுக்கு எடுத்துப் போனார்! 2022 ஜூனில் பெல்ஜியம் அதைச் சவப்பெட்டியில் வைத்து, அரசு மரியாதையோடு ஒப்படைத்தது. பெட்டி முழு நீளம். உள்ளே ஒரு பல்!

அந்தக் காங்கோவைச் சொந்தச் சொத்தாக வைத்திருந்தவர் இரண்டாம் லியோபோல்ட். பெல்ஜியத்தைப் போல 70 மடங்குக்கும் மேல் பெரிய நாடு. அவர் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை!

பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் கடற்கரையில் அவருக்குப் பிரமாண்ட நினைவுச்சின்னம். காலடியில் நன்றியோடு அண்ணாந்து பார்க்கும் காங்கோ மக்கள் சிலைகள். 2004-ல் ஒரு கும்பல் அதில் ஒரு காங்கோக்காரரின் கையை மட்டும் அறுத்துப் போனது! ரப்பருக்காகக் காங்கோவில் கைகளை வெட்டினார்களே, அது இப்போதாவது சிலையில் தெரியட்டும் என்று! ராஜா மேல் ஒரு கீறல்கூட இல்லை!

காங்கோ தலைநகர் கின்ஷாசாவில் நடந்தது பக்கா காமெடி. குப்பையில் கிடந்த லியோபோல்ட் சிலையை 2005 பிப்ரவரியில் மந்திரி ஒருவர் தேடி எடுத்து நடுரோட்டில் நிறுத்தினார். வரலாறு வேண்டுமாம்! சில மணி நேரத்தில் அதே சிலை மறுபடி கீழே! உலகின் மிகக் குறுகிய சிம்மாசனம்!

பிரஸ்ஸல்ஸ் பக்கத்து தெர்வூரன் மியூசியத்துக்கு 5 வருடம் பூட்டு. காலனி வாடையைப் போக்க ரிப்பேர் வேலை! 2018 டிசம்பரில் திறந்தார்கள். ஆனால் வட்டக் கூடத்துச் சிலைகளைத் தொட முடியவில்லை. பாரம்பரியச் சின்னம், சட்டம் விடவில்லை! அதனால் கலைஞர்கள் 16 மெல்லிய திரைகளில் படம் வரைந்து சிலைகளுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். திரை வழியாகப் பார்த்தால் பழைய பெருமை மேல் புதிய கேள்வி!

அதே தெர்வூரனில் 1897-ல் 267 காங்கோக்காரர்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். மனிதக் காட்சிசாலை! 7 பேர் குளிரிலும் நோயிலும் செத்தார்கள். அந்த 7 கல்லறைகள் இன்றும் ஊர் சர்ச் ஓரத்தில்!

நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் மார்டினிக் தீவுக்காரி. அங்கே பூங்காவில் அவருக்குச் சலவைக்கல் சிலை. 1802-ல் நெப்போலியன் அடிமைமுறையை மறுபடி கொண்டுவந்ததை ஊர் மறக்கவில்லை. 1991-ல் ஒரு ராத்திரி சிலையின் தலை காணோம்! கழுத்தில் சிவப்புப் பெயிண்ட்! புதுத் தலை யாரும் வைக்கவில்லை. தலையில்லாத ராணி 29 வருடம் நின்றாள். 2020-ல் உடம்பும் விழுந்தது!

ஆச்சரியம் அதோடு முடியவில்லை. அடிமைமுறையை ஒழித்த ஷோல்ஷேர் சிலையையும் அதே தீவில் உடைத்தார்கள்! விடுதலை அவர் போட்ட பிச்சை அல்ல, எங்கள் பாட்டன்கள் போராடி வாங்கியது என்று! தேதி 2020 மே 22. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்டு கொல்லப்படுவதற்கு 3 நாள் முன்னால்! யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை!

ரியோ நகரத்து மலையுச்சி ஏசுவைச் செதுக்கியவர் பால் லாண்டோவ்ஸ்கி. அல்ஜியர்ஸ் நகரத்தில் பிரான்ஸ் எழுப்பிய போர் நினைவுச்சின்னமும் அவர் கைவண்ணம்தான். சுதந்திர அல்ஜீரியா அதை இடிக்கவில்லை. 1978-ல் ஓவியர் இஸியாகெம் அதைச் சுற்றி கான்கிரீட் பெட்டி கட்டி மூடினார்! வெளியே விலங்கை உடைக்கும் இரண்டு முஷ்டிகள். 2012-ல் கான்கிரீட்டில் விரிசல் விழுந்தது. விரிசலுக்குள் பிரெஞ்சுச் சிலை பத்திரமாக இருந்தது!

நெதர்லாந்தின் ஹோர்ன் ஊரில் யான் கூன் சிலை. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் ஜாதிக்காய்க்காகப் படுகொலை நடத்தியவர். வைப்பதா எடுப்பதா என்று ஊரில் பெரிய சண்டை. 2011 ஆகஸ்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிரேன் தெரியாமல் இடித்து சிலையைக் கீழே தள்ளிவிட்டது! ஊர் நம்புமா? நிஜமாகவே விபத்துதான்! மறுபடி நிறுத்தினார்கள், இந்தத் தடவை குற்றத்தையும் சொல்லும் பலகையோடு!

டச்சு மன்னரிடம் ஒரு தங்கத் தேர் உண்டு. அதன் பக்கவாட்டில் காலனி மக்கள் நெதர்லாந்தைக் குறிக்கும் ஒரு பெண்ணுக்கு முன் குனிந்து காணிக்கை தரும் ஓவியம். 2022 ஜனவரியில் மன்னர் சொல்லிவிட்டார், இப்போதைக்கு ஏறமாட்டேன் என்று! மறு வருடம் ஜூலை 1-ல் அடிமை வியாபாரத்துக்கு நேரிலேயே மன்னிப்பும் கேட்டார்!

இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்தது 1945 ஆகஸ்ட் 17. இல்லை, 1949 டிசம்பர் 27-தான் என்றது நெதர்லாந்து. 2023 ஜூனில் பிரதமர் ரூட்டே 1945-ஐ முழுசாக ஏற்பதாக அறிவித்தார். ஒரு தேதியை ஒப்புக்கொள்ள 78 வருடம்!

கண்டி ராஜ்ஜியத்தின் பீரங்கி ஒன்று. தங்கம், வெள்ளி, மாணிக்கக்கல் பதித்தது! 1765-ல் டச்சுக்காரர்கள் கொள்ளையடித்துப் போனார்கள். ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் மின்னிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் வாள்கள், கத்தி, துப்பாக்கிகளோடு கொழும்பு வந்து சேர்ந்தது. மொத்தம் 6 பொருள். 258 வருடம்!

எத்தியோப்பியாவின் அக்சும் தூணை முசோலினி 1937-ல் ரோமுக்குக் கொண்டுபோனார். 24 மீட்டர், சுமார் 160 டன்! 1947-ல் திருப்பித் தருவதாக இத்தாலி கையெழுத்துப் போட்டது. தூண் விமானம் ஏறியது 2005-ல்! ஒரே நடையில் முடியுமா? மூன்று துண்டுகளாக, ஒரு ராட்சத விமானத்தில்! ரோமில் அது நின்றது எந்தக் கட்டடத்தின் முன்? காலனிகள் அமைச்சகம். இன்று அங்கே இருப்பது ஐ.நா.வின் உணவு அமைப்பு!

லிபியாவின் கடாஃபி 2009-ல் ரோமில் இறங்கினார். சட்டையில் பதக்கங்கள். அதோடு ஒரு போட்டோவைக் குத்தியிருந்தார். யார் போட்டோ? இத்தாலி தூக்கிலிட்ட லிபிய வீரர் உமர் முக்தார்! அதுவும் விலங்கு மாட்டிய படம்! கைகுலுக்க வந்த பெர்லுஸ்கோனி கண் எங்கே பார்த்திருக்கும்?

அதே முக்தாராக அந்தோணி க்வின் நடித்த ‘லயன் ஆஃப் தி டெசர்ட்’ படத்துக்கு இத்தாலி 1982-ல் தடை. கடாஃபி வந்த வாரத்தில்தான் அங்கே டிவியில் போட்டார்கள்! முந்தின வருடம்தான் இத்தாலி மன்னிப்புக் கேட்டு 500 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது!

சியோலின் அரண்மனைக்கு நேர் முன்னால், மறைக்கிற மாதிரி, ஜப்பான் 1926-ல் தன் கவர்னர் மாளிகையைக் கட்டியது. தென்கொரியா அதை இடிக்கத் தொடங்கிய நாள் 1995 ஆகஸ்ட் 15. விடுதலையின் 50-வது வருட நாள்! கோபுர உச்சியை மட்டும் பத்திரப்படுத்தினார்கள். எங்கே? 5 மீட்டர் பள்ளத்தில்! பார்க்க வருகிறவர்கள் மேலே நின்று குனிந்து பார்க்க வேண்டும்!

தைவானில் தலைகீழ்! 1919-ல் ஜப்பான் கட்டிய கவர்னர் மாளிகை இன்று ஜனாதிபதி அலுவலகம்!

சிங்கப்பூர் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிலையை 2019 ஜனவரியில் மாயமாக்கியது! இடிக்கவில்லை. பின்னால் நிற்கும் கட்டடத்தின் நிறத்தைச் சிலை மேல் பூசினார் ஓவியர். ஒரு கோணத்தில் பார்த்தால் ஆளே இல்லை! அடுத்த சில நாளில் பக்கத்தில் நாலு பேர் முளைத்தார்கள். அதில் ஒருவர் நம்மவர். ராஃபிள்ஸோடு 1819-ல் வந்து, மாரியம்மன் கோயில் கண்ட நாராயண பிள்ளை!

கென்யாவில் பிரிட்டனை எதிர்த்த மாவ் மாவ் இயக்கத்துக்குத் தடை. அதை நீக்கியது 2003-ல்! சுதந்திரம் வந்ததே 1963. தியாகிகளின் இயக்கம் சொந்த நாட்டில் 40 வருடம் சட்டவிரோதம்!

பிரிட்டன் 37 காலனிகளின் 8,800 ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைத்திருந்தது 2011-ல் அம்பலமானது. இல்லவே இல்லை என்று அதுவரை சாதித்தார்கள்! 2013-ல் சித்திரவதைக்கு ஆளான 5,228 கென்யர்களுக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு. நைரோபியில் மாவ் மாவ் நினைவுச்சின்னத்துக்குப் பணம் கொடுத்ததும் பிரிட்டன்தான்!

கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸ் சிலை மேல் ஒரு மாணவர் மலம் வீசினார். 2015 மார்ச் 9. சிலை கிரேனில் ஏறியது ஏப்ரல் 9. சரியாக ஒரு மாதம்! ஆனால் ரோட்ஸின் கல்லறை ஜிம்பாப்வேயில் பத்திரம். முகாபே ஆட்சி முழுக்க யாரும் தோண்டவில்லை. டிக்கெட் வாங்கினால் நீங்களும் பார்க்கலாம்!

பார்படோஸ் தலைநகரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சிலை 1813-ல் வந்தது. லண்டன் நெல்சன் தூணுக்கு 30 வருடம் மூத்தது! 2020-ல் இறக்கினார்கள். மறு வருடம் ராணியையும் நாட்டின் தலைமையிலிருந்து இறக்கினார்கள். விழாவுக்கு வந்த விருந்தாளி இளவரசர் சார்லஸ்!

டப்ளின் நெல்சனுக்கு அந்த மரியாதை கிடையாது. 1966 மார்ச்சில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள்! அதைப் பற்றி வந்த பாட்டு ஐரிஷ் ஹிட் வரிசையில் 8 வாரம் முதலிடம்! விழுந்த தலையை மாணவர்கள் திருடிக்கொண்டு போனது தனிக்கதை.

டப்ளினின் விக்டோரியா ராணி? 1948-ல் நாடாளுமன்ற வாசலிலிருந்து கிளப்பினார்கள். பல வருடம் கிடங்கில் கிடந்தார். வேண்டுமா என்று கேட்ட சிட்னிக்குக் கப்பல் ஏற்றினார்கள். 1987-லிருந்து ஆஸ்திரேலியாவில் ஒரு ஷாப்பிங் கட்டட வாசலில் உட்கார்ந்திருக்கிறார்!

அயர்லாந்து சுதந்திரம் வாங்கியதும் சிவப்புத் தபால் பெட்டிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தது. 1997-ல் ஹாங்காங்கிலும் அதே வேலை, அதே பச்சை! இரண்டு ஊரிலும் பெயிண்டுக்கு அடியில் ராஜா ராணி முத்திரைகள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன!

மெல்போர்னில் கேப்டன் குக் சிலையை 2024 ஜனவரியில் ரம்பத்தால் அறுத்தார்கள். ஆஸ்திரேலிய தினத்துக்கு முந்தின நாள்! பீடத்தில் மிச்சம் இருந்தது இரண்டு பாதம்!

மெக்ஸிகோ சிட்டி கொலம்பஸைச் சுத்தம் செய்யத்தான் எடுத்துப் போகிறோம் என்றார்கள். 2020 அக்டோபர். அவர் திரும்பவே இல்லை! அந்த இடத்தில் இன்று ஒரு பூர்வகுடிப் பெண் சிலையின் நகல். அசல் சிலை 2021-ல் விவசாயிகள் தோட்டத்தில் தோண்டியபோது கிடைத்தது!

மன்னிப்புக் கேட்பதில் ராணி எலிசபெத் எப்படி? நியூசிலாந்தில் மவோரிகளிடம் பிடுங்கிய நிலத்துக்கான மன்னிப்புச் சட்டத்தில் 1995-ல் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார்! 17 கோடி டாலர் இழப்பீடு! 1997-ல் ஜாலியன்வாலாபாக் வந்தார். மலர்வளையம் வைத்தார். மன்னிப்பு வரவில்லை!

பிரதமர்கள் கேமரூன், தெரசா மே இருவரும் வெட்கக்கேடு என்பது வரை வந்து நின்றுவிட்டார்கள். 2019-ல் வந்த இங்கிலாந்தின் தலைமைப் பேராயர் என்ன செய்தார் தெரியுமா? நினைவிடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்! அங்கே 10 நிமிடத்தில் பாய்ந்தவை 1,650 தோட்டாக்கள்!

கடைசியாக நம்ம புதுச்சேரி. ஆகஸ்ட் 15-ல் கொடியேற்றம். ஆகஸ்ட் 16-ல் மறுபடி கொடியேற்றம், பிரான்ஸ் சட்டப்படி ஒப்படைத்தது 1962-ல் அந்த நாளில்! நவம்பர் 1-ல் இன்னொரு கொடியேற்றம், நிர்வாகம் கைமாறியது 1954-ல் அன்று! போதாததற்கு ஜூலை 14 வந்தால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த நம்ம ஊர் தாத்தாக்கள் பிரான்ஸின் தேசிய தினத்தைக் கொண்டாடுகிறார்கள்! இந்தியாவோடு சேர்வதா என்று கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் ஓட்டெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் மொத்தமே 178 பேர். சேரலாம் என்றவர்கள் 170. வேண்டாம் என்றவர்கள் 8!